பையில் 14, மேசையில் 24: கல்லூரிக்கு லேப்டாப்பும் மானிட்டரும் வாங்குவது

கவுன்சிலிங் முடிந்து சேர்க்கை ஆணை கைக்கு வந்துவிட்டால் போதும், சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வரிசையாக எனக்குப் போன் வரும். "பொண்ணுக்கு சிவில் கெடச்சிருக்குதுங்க மேடம். லேப்டாப் எடுக்கோணும். ஸ்கிரீன் நல்லா பெருசா இருக்கற மாதிரி ஒண்ணு சொல்லுங்க." கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிள்ளைகள் எதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், இரண்டாம் ஆண்டில் எதை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வருகிறார்கள் என்பது கண் முன்னால் நடப்பது.

பெரிய ஸ்கிரீன் கேட்பதில் தப்பில்லை. நாலு வருஷம் உட்கார்ந்து பார்க்கப்போகிற திரை. ஆனால் அந்தப் பெரிய ஸ்கிரீனை எதற்குத் தோளில் சுமக்க வேண்டும்? சுமப்பதைச் சின்னதாக வாங்குங்கள், மேசையில் நிற்பதைப் பெரியதாக வாங்குங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் சொல்வது 14 அங்குல லேப்டாப், 24 அங்குல மானிட்டர். யாருக்கு இது பொருந்தாது என்பதையும் கீழே சொல்கிறேன்.

முதலில் அங்குலக் கணக்கு. 14, 15.6 என்பதெல்லாம் திரையின் மூலைக்கு மூலை அளவு. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் திரையின் வடிவமே இப்போது இரண்டு விதமாக வருகிறது. புதிய 14 அங்குல லேப்டாப்புகளில் பல 16:10 விகிதம், அதாவது கொஞ்சம் உயரமான திரை. விலை குறைந்த 15.6 அங்குல லேப்டாப்புகள் இன்னும் 16:9 விகிதத்தில்தான் இருக்கின்றன. ஸ்கேல் வைத்து அளந்தால் 14 அங்குல 16:10 திரை 30.2 செ.மீ. அகலம், 18.8 செ.மீ. உயரம். 15.6 அங்குல 16:9 திரை 34.5 செ.மீ. அகலம், 19.4 செ.மீ. உயரம். உயரத்தில் வித்தியாசம் ஆறே மில்லிமீட்டர்! பிடிஎஃப் படிப்பதும் புரோகிராம் எழுதுவதும் மேலிருந்து கீழே போகிற வேலை. அந்த ஆறு மில்லிமீட்டருக்காகத்தான் அகலமான பை, கனமான பை, பெஞ்சில் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு சண்டை எல்லாம். 14 அங்குலத்திலேயே 16:9 திரையும் விற்கிறார்கள், அதன் உயரம் 17.4 செ.மீ.தான். ஆகவே கடைக்காரர் "ஃபோர்டீன் இன்ச்" என்றால் அதோடு நிற்காதீர்கள். திரையின் புள்ளிக் கணக்கு 1920 × 1200 என்றிருந்தால் உயரமானது, 1920 × 1080 என்றிருந்தால் குட்டையானது.

கடைக்குப் போகும்போது ஒரு ஏ4 தாளை மடிக்காமல் எடுத்துப் போங்கள். 29.7 செ.மீ.க்கு 21 செ.மீ. அதைப் படுக்கவைத்து 14 அங்குல 16:10 திரைமேல் பிடித்தால் அகலம் ஏறக்குறைய அச்சாகப் பொருந்தும், உயரத்தில் மட்டும் இரண்டு செ.மீ. குறையும். அப்புறம் அதே கடையில் 24 அங்குல மானிட்டர் இருக்கும் பக்கம் போய், தாளை நிற்கவைத்துப் பிடியுங்கள். அதன் திரை உயரம் 29.6 செ.மீ. ஒரு ஏ4 பக்கம் அசல் அளவில் முழுசாக நிற்கும். பக்கத்தில் இன்னொன்றும் நிற்கும், அதற்கு மேலும் பத்து செ.மீ. மிச்சம் இருக்கும். இடது பக்கம் பாட நோட்ஸ், வலது பக்கம் எழுதிக்கொண்டிருக்கும் ரிப்போர்ட். இதைக் கண்ணால் பார்த்த அப்பா அம்மாக்கள் 15.6-ஆ 16-ஆ என்ற விவாதத்தை அங்கேயே விட்டுவிடுவார்கள்.

கடைக்காரர் சொல்லாத கணக்கு இன்னொன்று இருக்கிறது. 14 அங்குலத் திரையில் 1920 × 1200 புள்ளிகள் இருந்தாலும், எழுத்து மிகப் பொடியாகத் தெரியும் என்பதால் விண்டோஸ் அதைத் தானாகவே 150 சதவீதம் பெரிதாக்கிக் காட்டும். அப்போது கையில் உண்மையாகக் கிடைக்கும் இடம் 1280 × 800தான். 15.6 அங்குல ஃபுல் எச்டி (1920 × 1080) பொதுவாக 125 சதவீதத்தில் வரும். கிடைப்பது 1536 × 864. கண் நன்றாக இருக்கிற பிள்ளை 14 அங்குலத்தையும் 125-க்கு இறக்கிக்கொண்டால் 1536 × 960 கிடைக்கும், 15.6-ஐ விட நாலைந்து வரி கூடுதலாகவே தெரியும். 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் 100 சதவீதத்திலேயே எழுத்து வசதியாகத் தெரிவதால் 1920 × 1080 முழுவதும் உங்களுக்கே. 150 சதவீதத்தில் இருக்கும் 14 அங்குலத்தோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு இடம்.

இப்போது பை. 14 அங்குல லேப்டாப் சுமார் 1.4 கிலோ, அதன் 65 வாட் சார்ஜர் ஒயரோடு கால் கிலோ முன்பின். 15.6 அங்குல கேமிங் லேப்டாப் 2.3 கிலோவைத் தொடும், சார்ஜர் மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல். இதோடு ரெக்கார்டு நோட்டு, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ். டே ஸ்காலர் பிள்ளை காலை எட்டு மணி டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவதை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஆளுக்கு இரண்டு அடி கூடக் கிடைக்காது. அதில் நோட்டும் வேண்டும், லேப்டாப்பும் வேண்டும். பிளக் பாயிண்ட் பல வகுப்பறைகளில் மேடைக்குப் பக்கத்தில் ஒன்றோ இரண்டோதான். கேமிங் லேப்டாப் இரண்டு பீரியடில் சார்ஜரைத் தேடும். டைப்-சி சார்ஜராக இருந்தால் பக்கத்திலிருக்கும் யாரிடமாவது வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். உருண்டைப் பின் சார்ஜரை மறந்துவிட்டு வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இன்னும் சின்னதாக, 13 அங்குலம் வாங்கலாமா? மானிட்டர் நிச்சயம் உண்டு என்றால் வாங்கலாம். ஆனால் ஊருக்குப் போகும் லீவு நாட்களில் அந்தச் சின்னத் திரையில்தான் எல்லா வேலையும் ஓட வேண்டும். எனக்கு 14 நடுத்தரமாகப் படுகிறது.

கடையில் திரையைப் பார்க்கும்போது அங்கே ஓடும் பளபளப்பான வீடியோவை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள், லேப்டாப்பை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துவரச் சொல்லுங்கள். நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு; 250 நிட்ஸ் திரை வராந்தாவில் உட்கார்ந்தால் கண்ணாடிபோல் உங்கள் முகத்தைத்தான் காட்டும். 300, அதற்கு மேல் இருந்தால் நல்லது. விவரப் பட்டியலில் "45% என்டிஎஸ்சி" என்று போட்டிருந்தால் நிறம் வெளிறிய திரை என்று அர்த்தம். நோட்ஸ் படிக்க அது போதும், விஸ்காம், டிசைன், ஆர்க்கிடெக்சர் படிப்பவர்களுக்கு ஆகாது. அவர்கள் "100% எஸ்ஆர்ஜிபி" என்று இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

படிப்பைப் பொறுத்து இந்த யோசனை எப்படி மாறும் என்று பார்ப்போம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, ஏஐ பிள்ளைகளுக்கு 14 அங்குலம்தான், யோசிக்கவே வேண்டாம். "ஏஐ படிக்கறான், கிராபிக்ஸ் கார்டு வேணுமில்லீங்களா?" என்று கேட்பார்கள். கல்லூரிப் பயிற்சிக்கு, இணையத்திலேயே புரோகிராமை ஓட்டித் தரும் கூகுள் கோலாப் பெரும்பாலும் போதும். அந்தப் பணத்தை 16 ஜிபி ரேமுக்கும் மானிட்டருக்கும் வையுங்கள். ஈசிஇ பிள்ளைகளுக்கும் இதேதான். மேட்லேப் எந்த லேப்டாப்பிலும் ஓடும், கனமான விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு) மென்பொருட்களுக்குக் கல்லூரி ஆய்வகம் இருக்கிறது.

சிவில், மெக்கானிக்கல் கொஞ்சம் நின்று பேச வேண்டிய விஷயம். கட்டட வடிவமைப்பு மென்பொருளான ரெவிட்டைத் திறந்தால் இடது பக்கம் புராபர்டீஸ் ஒரு பட்டை, புராஜெக்ட் பிரவுசர் ஒரு பட்டை, மேலே மூன்று விரல் கனத்துக்கு ரிப்பன். 14 அங்குலத்தில் 150 சதவீதத்தில் வைத்துப் பார்த்தால், நடுவில் கட்டடம் வரைய மிஞ்சுவது ஒரு தபால் அட்டை அளவு. ஸ்டாட் ப்ரோவும் ஆட்டோகேடும் இவ்வளவு மோசமில்லை, இருந்தாலும் இடப் பசி அதிகம். 15.6-க்குப் போனாலும் இந்தப் பசி அடங்காது. 24 அங்குலத்தில்தான் அடங்கும், 27-இல் நன்றாகவே அடங்கும். அதனால் சிவில் பிள்ளைகளுக்குத்தான் மானிட்டர் வாங்கச் சொல்லி நான் மிகவும் வற்புறுத்துவேன். ஆனால் முதலாண்டில் வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரில் பைதான், இரண்டாவதில் இன்ஜினியரிங் கிராபிக்ஸ் இருந்தது. கிராபிக்ஸை டிராஃப்டர் வைத்துத் தாளில்தான் வரைய வேண்டியிருந்தது. மூன்றாவது செமஸ்டர் வரை மானிட்டர் காத்திருக்கும்.

ஆர்க்கிடெக்சர் நான் முன்னே சொன்ன விதிவிலக்கு. அந்தப் பிள்ளைகள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க ரெண்டர் (வரைந்ததை நிஜப் படம்போல் ஆக்குவது) எடுப்பார்கள். லூமியன், என்ஸ்கேப் போன்றவற்றுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும், அது நல்ல காற்றோட்டமுள்ள பெரிய உடம்பில்தான் ஒழுங்காக ஓடும். அவர்கள் 16 அங்குலம் வாங்கட்டும். கனம்தான், வேறு வழியில்லை. மானிட்டர் அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

பி.காம், சி.ஏ. பிள்ளைகள் கேட்பது வேறு மாதிரி. டேலி, எக்செல் இரண்டிலும் எண்களை மளமளவென்று அடிக்க வலது பக்கம் நம்பர் பேட் வேண்டும். அது 15.6-இல் பெரும்பாலும் இருக்கும், 14-இல் பெரும்பாலும் இருக்காது. இதற்காகவே 15.6 வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் நம்பர் பேட் சேர்ந்த லேப்டாப்பில் டச்பேடும் எழுத்துப் பொத்தான்களும் இடது பக்கம் தள்ளிப்போய்விடும். உடம்பைத் திருப்பியபடிதான் டைப் அடிக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குத் தனி நம்பர் பேட் யூஎஸ்பியில் கிடைக்கிறது. 14 அங்குலத்தோடு அதை வாங்கிக்கொண்டால் இரண்டு காரியமும் ஆகும்.

இலக்கியம், சட்டம், வரலாறு படிப்பவர்களுக்கு லேசான, பேட்டரி நிற்கிற 14 அங்குலம் எதுவானாலும் சரி. மருத்துவம் படிப்பவர்கள் பெரும்பாலும் டேப்லெட்டில்தான் வாழ்கிறார்கள்.

மேக்புக் கேட்கும் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று: ரெவிட், சாலிட்வொர்க்ஸ், ஸ்டாட் ப்ரோ, டேலி எதுவும் அதில் நேரடியாக ஓடாது. ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு இருக்கிறது, விண்டோஸ் பதிப்பின் வசதிகள் அத்தனையும் அதில் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் தாராளமாக வாங்கலாம். 13 அங்குல மேக்புக் ஏர் 1.24 கிலோதான், பேட்டரியும் நாள் முழுக்க வரும். பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்குவதானால் எம்1, எம்2 சிப் உள்ள ஏரில் ஒரு வெளி மானிட்டர்தான் மாட்ட முடியும் என்று தெரிந்து வாங்குங்கள். எம்3-இல் லேப்டாப் மூடியை மூடிவைத்தால் இரண்டு, எம்4-இல் திறந்திருக்கும்போதே இரண்டு.

அரசு லேப்டாப் கிடைத்த பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. அந்த லேப்டாப் கையில் இருக்கும்போதே, "இது பத்தாது" என்று கடன் வாங்கி இன்னொன்று எடுக்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். பத்தாமல் இருப்பது பல நேரம் திரை மட்டும்தான். அதில் ஒரு மானிட்டரை மாட்டிப் பாருங்கள். புரோகிராமிங், ரிப்போர்ட், ஆன்லைன் வகுப்பு எல்லாம் தாராளமாக ஓடும். ஐம்பதாயிரம் செலவாக இருந்தது பத்தாயிரத்துக்குள் முடியும்.

மானிட்டருக்கு வருவோம். கடைக்குப் போகும் முன் மேசையை அளக்க வேண்டும். என் அண்ணன் மகள் சிவில் இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டலில் இருக்கிறாள். 27 அங்குலம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "டேப்பை எடுத்து மேசையை அளந்து சொல்லு"ன்னேன். வீடியோ காலில் அளந்தாள். சுவரிலிருந்து விளிம்பு வரை 45 செ.மீ. ஆழம். மேலே புத்தகம் வைக்க ஒரு ஷெல்ஃப், அது மேசையிலிருந்து 46 செ.மீ. உயரத்தில். "அத்தை, 27 இன்ச் நின்னா ஷெல்ஃப்ல இடிக்குமா?" இடிக்கும். 24 அங்குல மானிட்டர் ஸ்டாண்டோடு பொதுவாக 42 செ.மீ. முன்பின் இருக்கும், 27 அதைவிட நாலைந்து செ.மீ. கூடும். அது ஒரு பக்கம். 45 செ.மீ. மேசையில் ஸ்டாண்டின் பாதமே 20 செ.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தாலும் கண்ணுக்கும் திரைக்கும் இடையே 50, 55 செ.மீ.தான் கிடைக்கும். 24 அங்குலத்துக்கு அந்தத் தூரம் சரி. 60 செ.மீ. அகலமுள்ள 27 அங்குலத் திரையை அவ்வளவு கிட்டத்தில் வைத்தால் ஓரங்களைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 24 வாங்கினாள். ஷெல்ஃபுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டது.

வீட்டிலிருந்து படிக்கிற, 60 செ.மீ. ஆழத்துக்கு மேல் மேசை இருக்கிற பிள்ளைகள் 27-க்குப் போகலாம். ஆனால் 27 என்றால் 2560 × 1440 புள்ளி உள்ளதாகவே எடுங்கள். அதே ஃபுல் எச்டியை 27 அங்குலத்துக்கு இழுத்துவிட்ட மானிட்டர்களும் விற்கின்றன, விலை ஆசை காட்டும். 24-இல் அங்குலத்துக்கு 92 புள்ளி இருந்தது 27-இல் 82 ஆகக் குறைந்துவிடும். பெரிதாகத் தெரியுமே தவிர கூடுதலாக ஒரு வரிகூடத் தெரியாது. தமிழில் படிக்கும்போது குறை உடனே பிடிபடும்: ண-வுக்கும் ன-வுக்கும் சுழி எண்ண முடியாமல், மெய்யின் தலையிலுள்ள புள்ளி மசிந்து நிற்கும். 2560 × 1440 மானிட்டரில் அங்குலத்துக்கு 109 புள்ளி, எழுத்து கூர்மையாக இருக்கும். விலை 24 அங்குல ஃபுல் எச்டியை விட இதற்குக் கணிசமாகக் கூடும். மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு 24 ஃபுல் எச்டியில் எழுத்து சற்று முரட்டுத்தனமாகத் தெரியும். 2018-இல் வந்த மேக் இயங்குதளத்தின் மொஹாவி பதிப்பிலிருந்து எழுத்து விளிம்பை மழுப்பும் ஒரு உத்தியை ஆப்பிள் எடுத்துவிட்டதுதான் காரணம். அவர்கள் 27 அங்குல 4கே (3840 × 2160) பக்கம் பார்ப்பது நல்லது.

திரையின் பேனலில் ஐபிஎஸ், விஏ என்று வகைகள் உண்டு, ஐபிஎஸ்ஸாக இருக்கட்டும். விஏ திரையில் கறுப்பு ஆழமாகத் தெரியும், படம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அறைத் தோழிகள் பக்கவாட்டில் உட்கார்ந்து சேர்ந்து படிக்கும்போது நிறம் வெளிறும். வளைந்த திரை படிப்புக்குத் தேவையே இல்லை. ஆட்டோகேடில் நேர்க்கோடு போடுகிறவர்களுக்கு அது எரிச்சல். திரைப் படம் நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதில் 75 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா 144 ஹெர்ட்ஸா என்று கடைக்காரர் நீட்டி முழக்குவார். எது கிடைக்கிறதோ அதை எடுங்கள், அதற்காக ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கூடுதலாகக் கொடுப்பதானால் ஸ்டாண்டுக்குக் கொடுங்கள். விலை குறைந்த மானிட்டர்களின் ஸ்டாண்டு முன்னும் பின்னும் கொஞ்சம் சாயும், உயராது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்க வேண்டும். உயரமான பிள்ளைகளுக்கு அது பத்தாமல் போகும், பழைய கொஸ்டின் பேங்க் இரண்டை அடியில் வைத்து ஏற்றிக்கொள்வார்கள். அதுவும் சரிதான், காசில்லாத ஸ்டாண்டு. பின்னால் நாலு திருகு துளை 75 அல்லது 100 மி.மீ. சதுரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பிற்காலத்தில் கை வைத்த தாங்கி (மானிட்டர் ஆர்ம்) மாட்ட உதவும். ஹாஸ்டலில் அந்தத் தாங்கி வேண்டாம். கடப்பாக் கல் மேசையில் கிளாம்ப்பை முறுக்கி விளிம்பு தெறித்தால் காஷன் டெபாசிட்டில் கழித்துவிடுவார்கள்.

நல்ல ஸ்டாண்டு குறைந்த விலைக்கு வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது. ஐடி நிறுவனங்கள் கழித்துவிடும் மானிட்டர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மற்ற ஊர்க் கணினிச் சந்தைகளிலும் குவிந்து கிடக்கும். டெல் பி2419எச் போன்ற 24 அங்குல ஐபிஎஸ் மாடல்கள் ஏறும், இறங்கும், திரும்பும், நெட்டுக்குத்தாகவும் நிற்கும். விலை புதியதில் பாதி முன்பின். வாங்கும்போது லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரைக்கு ஒவ்வொரு நிறமாகப் போட்டுப் பாருங்கள். வெள்ளையில் ஓரங்கள் மஞ்சளடித்திருந்தாலோ, கைவிரல் பதிந்ததுபோல் கறை தெரிந்தாலோ வேண்டாம். சாம்பல் நிறத்தில் பழைய டாஸ்க்பாரின் நிழல் தங்கியிருக்கிறதா பாருங்கள், வருஷக்கணக்கில் ஒரே படம் நின்ற திரைகளில் அது இருக்கும். பத்து நிமிஷமாவது ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்டாண்டு அதே மானிட்டருக்குரியதா, ஆடுகிறதா என்பதையும் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வகத்தில் என்னிடம் வரும் புகார்களில் பாதி ஒயரைப் பற்றியவை. "மேடம், டைப்-சி ஒயர் மாட்டினா டிஸ்பிளே வரலை." எல்லா டைப்-சி துளையிலும் படம் வராது. சிலவற்றில் டேட்டா மட்டும், சிலவற்றில் சார்ஜ் சேர்த்து, சிலவற்றில்தான் படமும் வரும். துளைக்குப் பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட்டின் குறியோ, தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் படம் வரும். குறி இல்லாவிட்டால் மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ துளை இருக்கிற லேப்டாப்பாக வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. அதுவும் பழைய 1.4 வகையாக இருந்தால் ஃபுல் எச்டிக்குப் பிரச்சினை இல்லை, 4கே மட்டும் 30 ஹெர்ட்ஸில் திணறும், மவுஸ் இழுத்து இழுத்து நகரும். 4கே வாங்கப் போகிறவர்கள் எச்டிஎம்ஐ 2.0 இருக்கிறதா என்று கேளுங்கள்.

டைப்-சி ஒற்றை ஒயரிலேயே படமும் வந்து லேப்டாப்புக்குச் சார்ஜும் ஏறும் மானிட்டர்கள் இருக்கின்றன. வகுப்பிலிருந்து வந்ததும் ஒரு ஒயரைச் செருகினால் எல்லாம் தயார், சார்ஜரைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். அருமையான வசதி, விலைதான் இரண்டு மடங்கு அளவுக்குப் போகிறது. அப்பா பணம், யோசித்துக்கொள்ளுங்கள்.

மானிட்டரை மாட்டியதும் விண்டோஸ் பொத்தானையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் நாலு தேர்வுகள் வரும். "எக்ஸ்டெண்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு திரையும் தனித்தனி இடமாக வேலை செய்யும். பிறகு டிஸ்பிளே அமைப்பில் 1, 2 என்று இரண்டு பெட்டிகள் தெரியும். மேசையில் எது எந்தப் பக்கம் இருக்கிறதோ அதே மாதிரி இழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மவுஸ் இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் வரும். விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறந்திருக்கும் ஜன்னல் ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். பழைய மென்பொருட்கள் சில இரண்டு திரைக்கும் ஸ்கேலிங் (முன்னே சொன்ன பெரிதாக்கும் சதவீதம்) வேறாக இருந்தால் மங்கலாகத் தெரியும். அந்த மென்பொருளை எந்தத் திரையில் பார்க்கப் போகிறீர்களோ அதை முதன்மைத் திரையாக வைத்து, மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். திடீரென்று சத்தம் வரவில்லை என்றால் லேப்டாப் ஸ்பீக்கர் போய்விட்டது என்று பதற வேண்டாம். எச்டிஎம்ஐ வழியாகச் சத்தம் மானிட்டருக்குப் போயிருக்கும், அதில் ஸ்பீக்கர் இருக்காது. ஒலிக் குறியைத் தொட்டு மறுபடி லேப்டாப்புக்கு மாற்றினால் போதும்.

சின்ன மேசையில் இரண்டு திரைக்கும் இடமில்லை என்றால் லேப்டாப்பை மூடிப் பக்கத்தில் நிறுத்திவிடலாம். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் "ஒன்றும் செய்யாதே" என்று சார்ஜரில் இருக்கும்போதைக்கு மட்டும் மாற்றுங்கள். பேட்டரிக்கும் அதையே வைத்துவிட்டால் பைக்குள் ஓடிக்கொண்டே இருந்து கொதிக்கும். இதற்கு ஒரு கீபோர்டும் மவுஸும் வேண்டும், ஆயிரம் ரூபாய் முன்பின் ஆகும். மானிட்டர் பட்ஜெட்டில் இதைச் சேர்க்காமல் போய், பிறகு கழுத்தை ஒரு பக்கம் திருப்பி லேப்டாப் கீபோர்டிலேயே அடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நிறைய.

கரண்ட் போனால் மானிட்டர் அணைந்துவிடும், லேப்டாப் ஓடும். எழுதிக்கொண்டிருந்தது எங்கும் போகாது, ஜன்னல்கள் எல்லாம் சின்னத் திரைக்கு வந்து குவியும், அவ்வளவுதான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் ஹாஸ்டலில் ஜெனரேட்டர் அறைகளுக்கு வருமா, வராண்டா விளக்குக்கு மட்டுமா என்று கேட்டுவையுங்கள். 24 அங்குல மானிட்டர் 20, 25 வாட்டுக்கு மேல் இழுக்காது, மின்விசிறியை விடக் குறைவு. வார்டன் ஆட்சேபித்தால் இந்தக் கணக்கைச் சொல்லலாம். ஆனாலும் வாங்கும் முன்னால் அனுமதி கேட்டுவிடுங்கள். சில ஹாஸ்டல்களில் மானிட்டரை டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் கணக்கில் சேர்த்து வேண்டாம் என்கிறார்கள்.

யார் மானிட்டரே வாங்க வேண்டாம்? அறையில் மேசையே இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்து படிக்கிறவர்கள். தினமும் ராத்திரி எட்டு மணி வரை கல்லூரி நூலகத்திலும் ஆய்வகத்திலும் இருந்துவிட்டுத் தூங்க மட்டும் அறைக்கு வருகிறவர்கள். கடைசி வருஷத்தில் இருப்பவர்கள். மேற்படிப்புக்கு வெளிநாடு போகத் தேதி குறித்துவிட்டவர்கள், அவர்கள் அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டும்.

வாங்கியவர்கள் அட்டைப்பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மோகோலையும் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலான ஹாஸ்டல்களில் மே மாதம் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். போர்வையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோன திரைகள் கீறலோடும் கோடுகளோடும் ஜூனில் என்னிடம் வருகின்றன, அவற்றைச் சரிசெய்ய முடியாது, பேனல் மாற்றும் விலைக்குப் புதிதே வந்துவிடும். பெட்டியை மடித்துக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள், தெர்மோகோல் துண்டுகளில் எது மேல், எது கீழ் என்று ஸ்கெட்ச் பேனாவில் குறித்துவிடுங்கள். ஸ்டாண்டின் திருகுகளைக் கழற்றினால் ஒரு கவரில் போட்டு மானிட்டரின் முதுகிலேயே ஒட்டிவையுங்கள்.